எங்கட வீட்டில் இன்று

இந்த நோன்பு லீவுக்கும் எங்கள் வலைப்பதிவுக் குழுவில் பெயர் கேட்டிருக்கிறார்கள். முப்பது நோன்பு, முப்பது பதிவு. நாளுக்கு ஒன்று எழுதி, நோன்பு திறக்க முன் இணைப்பைக் குழுவில் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெயர் வெட்டு. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, “டீச்சர், இந்த முறையாவது எழுதுவீங்களா?” என்று கேட்டிருந்தாள். அவளுக்கு விசயம் தெரியாது. தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதில்லை.

ஒரேயொரு பதிவு எழுதுகிறேன், ஒரு மனிதரைப் பற்றி. மூன்று வருசத்துக்கு முந்திய நோன்பில் அவர் ஒரு பொய்யைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அந்தப் பொய்யின் மேல்தான் அவருடைய சின்ன மகளின் குடும்பம் நின்றது. அதை உடைத்தவள் நான். கையால் உடைக்கவில்லை, எழுதி உடைத்தேன்.

அவர் பெயரை எழுதமாட்டேன். முன்பும் பெயர் எழுதாமல்தான் எழுதினேன், அதனால் ஒன்றும் தப்பவில்லை. ஆனபடியால் இந்த முறை சின்ன மகளுக்குப் போனில் கோல் எடுத்துக் கேட்டேன். தையல் மிசினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “எழுதுங்க டீச்சர். இனி எங்களுக்கு என்ன போகப்போகுது” என்றாள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் எழுதுகிறேன் என்றால் நான் எப்படிப்பட்டவள் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரனைக் காக்கா என்போம். ஒழுங்கை முழுக்க அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, காற்சட்டைக்கு மேலே எப்போதும் ஒரு அளவு பெரிய சேர்ட். மாதத்தில் ஒரு நாள் சைக்கிளை மதிலில் சாத்துவார். மீட்டர்ப் பெட்டியின் மூடியை மூன்று தரம் தட்டுவார், உள்ளே பூரானோ பாம்போ இருந்தால் போகட்டும் என்று. குனிந்து இலக்கத்தைப் பார்த்துத் துண்டில் எழுதுவார். நிமிர்ந்தவர் உடனே போகமாட்டார். வீட்டைப் பார்ப்பார்.

“ஒங்கட கூரைப் பீலி ஓட்டை தங்கச்சி, சுவர் ஊறுது. எங்கட வீட்டயும் இப்பிடித்தான் இரிந்திச்சி. நான் தார் பூசினன்” என்பார். அடுத்த மாதம் ஜன்னல் நிலையில் கறையான் ஏறியிருப்பதைக் காட்டுவார். எங்கட வீட்ட அதுக்கு எரிஞ்ச எண்ணெய்தான் என்பார். எதைத் தொடங்கினாலும் எங்கட வீட்டில்தான் கொண்டுவந்து இறக்குவார். சூடை மீனின் விலையைப் பற்றிக் கதைத்தாலும் அது எங்கட வீட்டுக் குசினிக்குள் போய்த்தான் முடியும். உம்மாவுக்கு அது பகிடி. “அந்தாளுக்கு வீடுதான் ரெண்டாம் பொஞ்சாதி” என்பார்.

அவருடைய கதையில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. பெரிய வீட்டுக்காரரிடம் போனாலும் அவர் குரல் இறங்காது. மாடி வீட்டுக்காரர் ஒருவர் புதிதாகப் பதித்த தரைக்கல்லைக் காட்டிப் பெருமையடித்தபோது, “நல்லாரிக்கி. ஆனா எங்கட வீட்டுச் சீமெந்துத் தரையில பகல்ல படுத்தா முதுகு குளிரும்” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினாராம். அந்த மாடி வீட்டுக்காரரே இதை எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார்.

வெளியூர்க்காரர் வாசித்தால் ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகள் என்றால் இரண்டு வீடு. இந்தக் காக்காவுக்கு இரண்டும் பெண். மூத்தவளுக்கு ஒரு வீடு கட்டி எழுதினார். பிறகு சின்னவளுக்கென்று தாங்கள் இருந்த வீட்டையே எழுதினார். அவள் கலியாணம் அந்த நோன்புக்கு இரண்டு மாதம் முந்தி நடந்தது. மாப்பிள்ளைக்குக் கல்முனையில் போன் திருத்துகிற கடை. சாப்பாட்டுக்கு எங்களுக்கும் சொன்னார்கள். உம்மாவும் போகவில்லை, நானும் போகவில்லை. போயிருந்தால் அந்த வீட்டில் படுக்க ஒரேயொரு அறைதான் என்று கண்டிருப்பேன்.

இனிப் பதிவுக் கதை. இந்தக் காலத்தில் வலைப்பதிவை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பதினொரு பேர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தோம், நாங்களே எழுதி நாங்களே வாசித்து நாங்களே ‘அருமை’ என்று போட்டுக்கொண்டிருந்தோம். நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. சும்மா படுத்துக் கிடக்காமல் முப்பது நாளும் எழுதுவோம் என்று தொடங்கியது நான்தான். சட்டம் போட்டதும் நான்தான். பிறை இருபத்தொன்பதில் கண்டால் இருபத்தொன்பது பதிவு போதுமா என்று ஒருவர் கேட்க, போனை வாயருகில் வைத்து அவரை ஏசிக்கொண்டு கேற்றடியில் நின்றேன். காக்கா அப்போது மீட்டர்ப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஏசி முடிக்கும் வரை பொறுத்திருந்து, அதில் தானும் எழுதலாமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுத என்ன இருக்கிறது உங்களிடம் என்று கேட்டேன். வாத்தியார்த்தனம், வேறென்ன.

“எங்கட வீடு இரிக்கே” என்றார்.

அந்த இடத்திலேயே அவருடைய போனை வாங்கி ஒரு பக்கம் திறந்து கொடுத்தேன். பெயர் என்ன போட என்றதற்கு, ஏற்கெனவே யோசித்து வைத்தவர் மாதிரி, “எங்கட வீட்டில் இன்று எண்டு போடுங்க” என்றார். மூன்றாம் நோன்பு தாண்டமாட்டார் என்று குழுவில் எழுதினேன். ஒன்பதாம் நோன்பில் தலையிடி என்று சொல்லி எழுதாமல் விட்டவள் நான். என் பெயரை நானே வெட்டினேன். குழு ஒரு கிழமை என்னை வைத்துப் பகிடி பண்ணியது. இருபதாம் நோன்பு வரும்போது பதினொரு பேரும் விழுந்துவிட்டோம். பன்னிரண்டாவதாக வந்தவர் மட்டும் நின்றார்.

அவருடைய பதிவு பத்து வரி, பதினைந்து வரி. பின்னேரம் அஸர் தொழுது கொஞ்ச நேரத்தில் வரும். கதைக்கிற மாதிரியே எழுதுவார். முதல் நாள் எழுதியது வாசல் படியைப் பற்றி.

‘எங்கட வீட்டு வாசல்ல ரெண்டு படி. ரெண்டாவது படி ஒரு அங்குலம் உசரம் கூட. கட்டினது நான்தான். மூத்தவள் அதில தடுக்கி விழுந்து முன்பல்லுப் போனது. சின்னவள் விழல்ல. அவள் நடக்கத் தொடங்கக்குள்ள நாங்க எல்லாரும் அவளுக்கு அந்தப் படியச் சொல்லிக் குடுத்திட்டம்.’

சின்னவள் பிறந்த கிழமையில் நட்ட தேசிக்காய் மரத்தைப் பற்றி ஒரு நாள். நோன்பு திறக்கச் சர்பத்துக்கு ஏழு காய் ஆய்ந்தோம் என்றிருந்தார். மனைவி விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புகிற விதத்தைப் பற்றி இன்னொரு நாள். கூப்பிட்டு எழுப்பமாட்டாளாம், வெறுஞ்சட்டியில் அகப்பையால் தட்டுவாளாம், இரண்டு தட்டுக்கு எழும்பாவிட்டால் மூன்றாவது தட்டு கொஞ்சம் கோபமாக இருக்குமாம். எங்களைப் போல மழையையும் மனசையும் போட்டுக் குழப்பாமல் ஒன்றைப் பிடித்தால் ஒன்றைச் சொல்லி முடிப்பார். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

எங்கள் பதினொரு பேரையும் சீண்டாத வெளிநாட்டுப் பிள்ளைகள் அவரை வாசித்தார்கள். கட்டாரில் லொறி ஓட்டுகிற ஒருவர் ஒவ்வொரு நாளும், ‘காக்கா, இண்டைக்கு எங்கட வீட்ட என்ன?’ என்று எழுதுவார். உங்கட வீட்ட என்றல்ல, எங்கட வீட்ட என்று. காக்கா ஒருவரையும் விடாமல் பதில் எழுதுவார். கஞ்சிக்கு இறைச்சி போட்டதா இல்லையா, தேங்காய்ப் பால் விட்டதா, எல்லாவற்றையும் சொல்வார். பள்ளிவாசலில் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும்போதே எழுதுவாரென்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் கையில் இருந்தது ஒரு ஆளுக்குப் போதுமான சின்ன வாளியாம்.

ஒரு நாள் பின்னேரம் நினையாமல் மழை. காக்கா எங்கள் ஒழுங்கையில் அகப்பட்டுக்கொண்டார். சைக்கிளைப் போட்டுவிட்டு எங்கள் தாவாரத்தில் ஒதுங்கினார். நோன்பு திறக்கிற பாங்கு சொல்ல நேரம் கிட்டியது. உம்மா விடவில்லை, கதிரையைப் போட்டு இருத்தினார். கதிரையின் முன் நுனியில் இருந்து, பேரீச்சம்பழத்தை எடுத்து, மெதுவாகக் கஞ்சி குடித்தார். எங்கள் தாவாரத்துத் தூணைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடிந்ததும் எழுந்து போய்ப் பைப்படியில் கோப்பையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, மழை விடாமலே சலாம் சொல்லிப் போனார்.

உம்மா கேற்றடியையே பார்த்துக்கொண்டு நின்றார். “வீட்டுல ஆளிரிக்கிற மனிசன் கோப்ப கழுவுவானாகா?” என்றார். “பொஞ்சாதி பாத்துக்கிட்டிரிப்பாளே, வாறத்துக்குச் சுணங்கும் எண்டு ஒரு கோல் எடுத்தாரா?”

நல்ல பழக்கத்தைக் கண்டாலும் உங்களுக்குச் சந்தேகம் என்று உம்மாவை ஏசினேன். அன்றைய பதிவு மழைக்கு முந்தியே வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் பாய் போட்டிருந்து நோன்பு திறக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார். எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குத் தேவைப்பட்டது அவருடைய பதிவு. அவரைப் பற்றி யோசிக்க எனக்கு ஏது நேரம்.

இருபத்தைந்தாம் நோன்பில் குழுவில் ஒரு யோசனை சொன்னேன். கடைசிவரை நின்ற மனிதருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். எல்லோரும் ஓம் என்றார்கள். மருதமுனையில் வங்கியில் வேலை செய்கிற தம்பி ஒருவன் நல்ல கைத்தறிச் சாரன் ஒன்று எடுத்தான். நான் ஒரு பெட்டி மஸ்கத் இனிப்பு வாங்கினேன். பெருநாள் தொழுகைக்கு உடுத்தட்டும் என்று இருபத்தெட்டாம் நோன்பு அஸருக்குப் பிறகு புறப்பட்டோம். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், திடீரென்று போய் நிற்போம் என்றதும் நான்தான். என்னுடைய ஸ்கூட்டியில் பின்னால் உம்மா. தம்பி மோட்டார் சைக்கிளில் பார்சலோடு வந்தான்.

மீட்டர் பார்க்கிற காக்காட வீடு எது என்று சந்திக் கடையில் கேட்டோம். காட்டினார்கள். வாசலில் இரண்டு படி. இரண்டாவது படி உண்மையாகவே ஒரு அங்குலம் கூட. சின்னப்பிள்ளை மாதிரி எனக்குச் சந்தோசம், உம்மாவுக்குக் காட்டினேன். தேசிக்காய் மரத்தைத்தான் காணவில்லை. அந்த மூலையில் மோட்டார் சைக்கிள் விடத் தகரக் கொட்டில் ஒன்று போட்டிருந்தார்கள்.

சின்ன மகள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். மருதாணி இன்னும் நகத்தில் கிடந்தது. விசயத்தைச் சொன்னேன். வாப்பா எழுதுகிறாரா என்று அவளுக்கு ஆச்சரியம்.

“வாப்பா இங்க இல்லையே டீச்சர். ராத்தாட வீட்டதான் இரிக்காரு, உம்மாவும் அங்கதான். எனக்குக் கலியாணம் முடிஞ்ச நாளையிலரிந்து” என்றாள். இருந்து நோன்பு திறந்துவிட்டுப் போகச் சொன்னாள். நல்ல பிள்ளை.

சரி, பழைய நினைவை எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூத்த மகளின் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே அவருடைய மனைவி பைப்படியில் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இன்னும் மூன்று பிள்ளைகளின் சத்தம். காக்கா எங்கே என்று கேட்டதும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

“அவர் சின்னவள்ட வீட்டல்லவா? இங்க எங்க எடம் டீச்சர், நானே புள்ளைகளோட நெருங்கிப் படுக்கன்.”

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் போனும் என்னுடைய போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. அன்றைய பதிவு. தம்பி வழமை போலத் திறந்தான். பெரிய சந்தோசத்தில் ஒவ்வொரு நாளும் வங்கியில் சத்தமாக வாசித்துப் பழகியவன், அந்தப் பழக்கத்திலே வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

‘எங்கட வீட்டில் இன்று பெட்டிஸ். மனிசி குசினியில மாக் குழைக்கிறா. உப்புக் காணுமா பாருங்க எண்டு கேட்டா. நோன்போட எப்பிடிப் பாக்கிற எண்டு நான் சிரிச்சிட்டன்…’

அவ்வளவில் நிறுத்தினான். அவருடைய மனைவி சவர்க்காரக் கையோடு நின்றார். பிள்ளை கண் எரிகிறது என்று அழுதது.

“இது எங்கிரிந்து எழுதுறாராம்?” என்று கேட்டார்.

 கதவுக்குப் பின்னாலிருந்து மூத்த மகள் வந்தாள், தங்கைக்குக் கோல் எடுத்தாள். வாப்பா உன்னிடம் இல்லையா, இல்லை உன்னிடம்தானே என்று இரண்டு பேரும் கத்துகிற சத்தத்தில் பக்கத்து வளவுகளில் ஆட்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். உம்மா என் முதுகில் கை வைத்து, போவோம் வா என்றார். சாரன் பார்சல் அந்த வீட்டுக் கதிரையில் கிடந்தது.

மூத்த மகள் வாப்பாவின் கூட்டாளிமாருக்குக் கோல் எடுத்துக் கேட்க, உண்மை அன்று நோன்பு திறக்க முன்னமே தெரிந்துவிட்டது. சம்மாந்துறையில் கூட்டாளி ஒருவருடைய அரிசி ஆலையில், மூடை அடுக்குகிற அறையில் மூன்று மாதமாக இருந்திருக்கிறார். சின்னவளிடம் மூத்தவள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். மூத்தவளிடமும் மனைவியிடமும் சின்னவள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் முறை வைத்துப் பகலில் போய், தேத்தண்ணி குடித்து, அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவார். நோன்பு வந்ததும் தேத்தண்ணியில்லாமல் போனார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மருமகன் போகச் சொன்னானா என்றால் இல்லை. இருங்க மாமா என்று சொன்னானா என்றால் அதுவும் இல்லை. புது மாப்பிள்ளை. என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒரு அறை வீட்டில் மாமனார் இருமிக்கொண்டு கிடந்தால் அந்தப் பிள்ளைகள் எப்படிச் சிரிச்சிக் கதைக்கும் என்று காக்கா ஆலைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். நான் வெளியில் கிடக்கிறது தெரிந்தால் ஊர் மருமகனைத்தான் குறை சொல்லும், அவன் ரோசக்காரன், போய்விடுவான் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

அதைக் கேட்ட பிறகாவது நான் வாயை மூடியிருக்க வேண்டாமா?

நோன்பு திறந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். ஒன்பதாம் நோன்பில் வராத எழுத்து அன்று தண்ணீராய் வந்தது. ‘வீடில்லாதவர் எழுதிய வீடு’ என்று தலைப்புப் போட்டேன். பெயரில்லை, ஊரில்லை. இரண்டு படி இருந்தது, தேசிக்காய் மரம் இருந்த மூலையில் தகரக் கொட்டில் இருந்தது, அரிசி ஆலை இருந்தது, சவர்க்காரக் கை இருந்தது. நான் எழுதியதில் அதுதான் திறமானது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், நினைக்கும்போது என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

விடியும்போது அது ஊரைச் சுற்றிவிட்டது. எனக்கு முன்பின் தெரியாதவர்கள் பகிர்ந்திருந்தார்கள். நோன்போடு இருந்துகொண்டே சாபம் போட்டிருந்தார்கள். பெற்றவனைத் தெருவில் விட்ட மகள்மார். மாமனாரின் மரத்தை வெட்டிக் கொட்டில் போட்ட மருமகன். யாரோ ஒருவர் கடையின் பெயரையே எழுதிவிட்டார். அவற்றுக்கு நடுவே, டீச்சர் அழ வைத்துவிட்டீர்கள், என்ன எழுத்து என்று எனக்கும் புகழ்ச்சி. அந்தப் புகழ்ச்சியை வாசிப்பதற்காக மத்தியான லுஹர் தொழுகை வரைக்கும் பதிவை அழிக்காமல் வைத்திருந்தேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உம்மா வந்து, “அந்தப் புள்ளட குடும்பத்த அழிச்சிப்போட்டுத்தான் அழிப்பியா?” என்று கேட்ட பிறகுதான் அழித்தேன். அதற்குள் எல்லோருடைய போனிலும் அது இருந்தது.

அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. அஸருக்குப் பிறகு, அதே நேரத்துக்கு, அவருடைய இணைப்பு வந்தது. இரண்டு வரி.

‘எங்கட புள்ளைகள் ரெண்டு பேரும் மருமகன்மாரும் என்ன நல்லாத்தான் பாத்தாங்க. நான்தான் எல்லாருக்கும் பொய் செல்லிட்டன்.’

அன்று பிறை கண்டது. சட்டப்படி அவர் ஒரு நாளும் தவறாமல் எழுதி முடித்திருந்தார். அந்தக் கடைசிப் பதிவை ஒரு ஆள்கூடப் பகிரவில்லை. கட்டார்க்காரர் மட்டும் கீழே எழுதியிருந்தார்: ‘காக்கா, உங்கட வீட்ட நம்பித்தானே நான் நோன்பு திறந்த.’ அதற்குப் பதில் இல்லை.

மருமகன் பெருநாளைக்கு முந்தின பின்னேரமே உடுப்பை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனான். மாமனாரைத் துரத்தினவன் என்று ஊர் சொல்லுது, இனி இந்தப் படியில் எப்படி ஏறுவது என்று கேட்டானாம். கெட்டவனில்லை. அழுதுகொண்டுதான் போனான் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு தரம் போய்ப் பேசினார்கள். காக்கா தானே போய் அவனுடைய உம்மாவின் வாசலில் நின்று, பிழை முழுக்கத் தன்னுடையது என்றார். அந்த அம்மா கதிரை கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து, எங்கட புள்ள இப்படிப் பேரெடுக்க அங்க வரல்ல என்று சொல்லி அனுப்பினார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னமே தலாக் கடுதாசி வந்துவிட்டது. மூன்று மாதம் வாழ்ந்த பிள்ளைக்கு.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். நோன்புப் பெருநாள் முடிந்து நாலாம் நாள், சம்மாந்துறை ஆலைக்கு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு. மூடைகளுக்கு நடுவே ஒரு பாய், ஒரு சின்ன அடுப்பு, ஒரு சட்டி. நல்ல துப்புரவு. எனக்கு இருக்க ஒரு மூடையைத் தட்டி விட்டார். பாதை முழுக்க என்ன சொல்வதென்று சேர்த்துக்கொண்டு போனவளுக்கு அழுகைதான் வந்தது. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நான் இவ்வளவு வருசம் இதைச் சுமந்திருக்கமாட்டேன்.

“நல்லா எழுதியிரிந்தீங்க தங்கச்சி” என்றார். “எனக்கு அப்பிடி எழுத வராது.”

உண்மையாகத்தான் சொன்னார். உம்மா என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மாதாமாதம் மீட்டர் பார்க்க வந்தார். மூடியைத் தட்டுவார், குனிவார், எழுதுவார், துண்டைத் தருவார், போவார். வீட்டைப் பார்ப்பதில்லை. ஒரு மாதம் நானே வலியப் போய், பீலி திரும்பவும் ஒழுகுது காக்கா, என்ன செய்யலாம் என்று கேட்டேன். யாரையும் கொண்டு பார்ப்பியுங்க என்றார். அவ்வளவுதான். எங்கட வீட்ட என்ற சொல்லே அவருடைய வாயில் இல்லாமல் போயிற்று. அந்த மனிதரிடம் அதை விட்டால் கதைக்க வேறொன்றும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு ஓய்வு பெற்றார். இப்போது வேறு ஆள் வருகிறது.

போன கிழமை சின்ன மகளின் வீடிருக்கிற அந்தத் தெருவால் போக வேண்டி வந்தது. பாதையை மாற்றிப் போகிறவள்தான் நான், அன்று வடிகான் வெட்டியிருந்தபடியால் வேறு வழியில்லை. கேற்றடியில் அவர் நின்றார். இன்னும் மெலிந்திருந்தார். ஸ்கூட்டியை நிறுத்தாமல் போக முடியவில்லை. தகரக் கொட்டில் அப்படியே இருந்தது, உள்ளே வெறும் தரை. வீட்டுக்குள் சின்ன மகள் யாருடைய உடுப்பையோ தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டுவிட்டுத் தலையைக் குனிந்து மிசினை மிதித்தாள்.

சலாம் சொன்னேன். பதில் சொன்னார். உம்மாவைச் சுகம் கேட்டார். நோன்பு வரப்போகிறது என்றார். ஓம் என்றேன். 

“இந்த முறையும் ஆக்கள் எழுதுறாங்களா தங்கச்சி?”

“எழுதுறாங்க காக்கா. நீங்க?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் கோபிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் யோசித்தார்.

“நான் எழுதல்ல தங்கச்சி” என்றார். “இப்ப வீட்டதானே இரிக்கன்.”